16 இரவு, 3 ஊர்: பிள்ளைகளோடு ஐரோப்பா போக நினைக்கும் கடலூர்க் குடும்பத்துக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மே மாதத்தில் 18 நாள் விடுப்பு. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், பார்சிலோனா ஆகிய ஆறையும் எந்த வரிசையில் போனால் செலவு குறையும்? மனைவியின் சித்தப்பா பாரிஸை ஒட்டிய சார்செல்லில் இருக்கிறார், அவர் வீட்டில் தங்கினால் விசாவுக்கு உதவுமா? கேள்வி ஊர்களின் வரிசையைப் பற்றியது போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் புரிந்துகொண்டது இது: வாழ்க்கையில் ஒரு தடவைதான் இவ்வளவு பணம் செலவழிக்கப் போகிறோம், எதையும் விட மனசு வரவில்லை, எதை விடலாம் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் புதுச்சேரியில் 20 வருடத்துக்கு மேலாகப் பயண ஏற்பாட்டு வேலை பார்க்கிறேன். பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்குத்தான் அதிகம் செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறில் மூன்றை விடுங்கள். ஆம்ஸ்டர்டாமும் பார்சிலோனாவும் நிச்சயம் வேண்டாம். வெனிஸ் உங்கள் விருப்பம்.

ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள் என்பதுதான் என்னிடம் வரும் எல்லோருக்கும் நான் சொல்வது. 18 நாள் என்றால் போகும் நாளும் வரும் நாளும் கழிந்து, அங்கே தூங்கக் கிடைப்பது 16 இரவு. ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை பெரும்பாலும் மாலை 3 மணிக்குத்தான் கையில் கிடைக்கும். நடுவில் பெட்டிகள், ஸ்டேஷன், பசி, பையனுக்கு அவசரமாக பாத்ரூம். ரயில் இரண்டே மணி நேரம்தான் என்றாலும் பகலில் பாதிக்கு மேல் போய்விடும். ஆறு ஊர் என்றால் ஐந்து தடவை இப்படி. மூன்று முழுப் பகலைப் பெட்டி இழுப்பதற்கே கொடுத்துவிடுகிறீர்கள். 2014-இல் என் பிள்ளைகளுக்கு 7, 11 வயது இருக்கும்போது 11 இரவில் ஐந்து ஊர் என்று நானே திட்டம் போட்டு அழைத்துப் போனேன். நான்காவது ஊரில் சின்னவனுக்குக் காய்ச்சல். அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்றே என்று காய்ச்சலோடு அவனை ரயிலில் ஏற்றினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. அதற்குப் பிறகு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான்கு இரவுக்குக் குறைவாக எந்த ஊரையும் நானாகப் பரிந்துரைப்பதில்லை.

உங்களுக்கு நான் போடும் கணக்கு: பாரிஸ் 6 இரவு, சுவிட்சர்லாந்தில் ஒரே ஊரில் 5 இரவு, ரோம் 5 இரவு. விமானம் பாரிஸில் இறங்கட்டும், ரோமிலிருந்து திரும்பட்டும். ஒரே பயணச்சீட்டில் இப்படி எடுக்க முடியும், முன்பதிவுத் தளங்களில் மல்டி சிட்டி என்று இருக்கும். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறினால் ஒரு பகலும் நான்கு ரயில் டிக்கெட்டும் வீணாகும். செலவைக் குறைக்கும் வரிசை எது என்று கேட்டீர்களே, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவதுதான் அது. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ரயிலில் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல், அதுவும் வடக்கே. சுவிட்சர்லாந்து தென்கிழக்கே. பார்சிலோனா முற்றிலும் வேறு திசை, அதற்குத் தனியாக விமானம் பிடிக்க வேண்டியிருக்கும்.

மே மாதம் நல்ல மாதம். ஐரோப்பியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான், அதனால் அந்தக் கூட்டமும் அந்த விலையும் மேயில் இருக்காது. ஆனால் பிரான்சில் மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாவது நாள் வரும் விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமை, அதுவும் பெரும்பாலும் மேயில்தான் விழும். அப்போது வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்களே வெளியூர் கிளம்புவார்கள். அந்த நான்கு நாளில் ரயிலும் அறையும் விலை ஏறும், உங்கள் ஊர் மாற்றம் அந்த வியாழனில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மே 1 அன்று லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அது தவிர வாரந்தோறும் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. இந்த மூன்று இடங்களிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அவர்கள் எந்த நாட்டினராக இருந்தாலும். லூவ்ருக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யும்போது பிள்ளைகளுக்கும் இலவசச் சீட்டை எடுத்துவிடுங்கள்.

எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். மேயில் நமக்கும் பாரிஸுக்கும் நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம். கடலூரில் காலை 6 மணிக்கு எழும் பையன் அங்கே விடியற்காலை இரண்டரைக்கு விழித்துக்கொள்வான், மாலை 6 மணிக்கே கண் சொருகும். ஈபிள் கோபுரத்தின் விளக்குகள் மின்னுவதைப் பார்க்க நன்றாக இருட்ட வேண்டும், மே கடைசியில் பாரிஸில் சூரியன் மறையவே ஒன்பதரை மணிக்கு மேல் ஆகும். அதாவது நம் கணக்கில் இரவு ஒரு மணி. முதல் நாளே கோபுரத்தடிக்கு ஓடும் குடும்பங்களின் படங்களில் பிள்ளைகள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் மூன்று நாள் காலையில் அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் பூங்கா, சீக்கிரம் படுக்கை. கோபுரத்தை நான்காவது இரவுக்கு வையுங்கள்.

சித்தப்பா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிக் குடும்பத்துக்கு பிரான்சில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக விசா விண்ணப்பத்தில் எழுதினால், அவர் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, நேரில் போய் அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்ற வரவேற்புச் சான்றிதழை வாங்க வேண்டும். 30 யூரோ வரி கட்ட வேண்டும், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். வீடு நான்கு பேர் கூடுதலாகத் தங்கப் போதுமானதா என்றும் பார்ப்பார்கள். சில மேரிகளில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சான்றிதழின் அசலைத் தபாலில் வரவழையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சடித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த வில்லியனூர்க் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும், அந்த ஒரு தாளுக்காகப் பயணமே பத்து நாள் தள்ளிப்போனது. இந்தச் சான்றிதழ் இருந்தால் பிரான்சில் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 32.50 யூரோ, ஹோட்டல் முன்பதிவு காட்டினால் 65 யூரோ. உதவி அந்த அளவுக்கு உண்டு. ஆனால் சான்றிதழ் இருந்தால் விசா உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கே தங்கலாமா என்பதில் என் கருத்து வேறு. சார்செல்லிலிருந்து பாரிஸ் நடுப்பகுதிக்கு ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலில் வர, ஸ்டேஷனுக்கு நடப்பதையும் சேர்த்து முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். போக வர ஒன்றரை மணி. அதைவிட, சித்தப்பா வீட்டில் தங்கினால் அவருடைய சம்பந்தி வீடு, பக்கத்துத் தெரு மாமா வீடு என்று மாலைதோறும் விருந்து வந்து நிற்கும். பல வருடம் பார்க்காத சொந்தம், மறுக்கவும் முடியாது, மறுக்கவும் கூடாது. ஆகவே நான்கு இரவு பாரிஸுக்குள் சமையலறை உள்ள சின்ன வீடு, கடைசி இரண்டு இரவு, சனியும் ஞாயிறும், சித்தப்பா வீடு என்று பிரியுங்கள். அவர்களுக்கும் வேலை இல்லாத நாள். பிள்ளைகளும் தமிழில் பேசும் தங்கள் வயதுப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மண்ணில் பார்ப்பார்கள். சான்றிதழை அந்த இரண்டு இரவுக்கு மட்டும் வாங்கினால் போதும், மற்ற நாட்களுக்கு முன்பதிவு ரசீது.

விசாவில் நிச்சயமானவற்றை முதலில் சொல்கிறேன். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்களுக்கு பிரான்ஸ் 6 இரவு என்பதால் பிரான்ஸ், அதற்கான விண்ணப்ப மையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். மே பயணத்துக்கு ஜனவரி கடைசியில் மனு உள்ளே போய்விட வேண்டும் என்பது என் பழக்கம், மார்ச்சில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. உங்கள் மகளுக்கு முழுக் கட்டணம், மகனுக்குப் பாதி. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயது நிறைந்தவர்களுக்குக் கைரேகை எடுப்பார்கள், அதனால் மகள் நேரில் வரவேண்டும், பள்ளித் தேர்வு நாளாகப் பார்த்து நேரம் வாங்கிவிடாதீர்கள். ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

இனி உறுதி சொல்ல முடியாதவை. விசா கிடைக்குமா என்பதை எந்த ஏஜெண்டாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. முடிவு தூதரக அதிகாரியுடையது. என் அனுபவத்தில் மனுவைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி வங்கியில் போட்ட பெரிய தொகை. உங்கள் கணக்கில் இருப்பது கொஞ்சமானாலும் மாதாமாதம் வரும் சம்பளமாக இருக்கட்டும். இரண்டாவது, பயணத் திட்டமும் முன்பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது. விசா வரும் வரை ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். பணம் திரும்பாத விமானச் சீட்டை விலை குறைவு என்று அவசரப்பட்டு எடுப்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. நான் எடுக்க மாட்டேன்.

நம் ஊர்ப் பெயர் முறையால் வரும் சிக்கலை வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுத மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பள்ளிச் சான்றில் இனிஷியலாக இருக்கும், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. மருத்துவமனையில் பிறந்ததும் பதிவு மட்டும் செய்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்க மறந்த வீடுகள் ஏராளம். சிறுவர் விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பெற்றோர் யார் என்பதற்கு ஆதாரம். நகராட்சியில் பெயர் சேர்க்க நாளாகும், இப்போதே பாருங்கள். விமானச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படத்தைப் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் தடவை பதிவுக்கு வரிசையில் நேரமாகும். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை பிராங்க்பர்ட்டிலேயே நடக்கும், அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். துபாய், தோஹா வழியாகப் போனால் சோதனை பாரிஸில்தான், அங்கே எவ்வளவு நின்றாலும் தவறவிட விமானம் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே எடுத்துக் கொடுக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கனையோ அதை ஒட்டிய கிராமத்தையோ தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து பாசெல் வரை மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்னும் இரண்டு. நீங்கள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம், ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதில் அடங்கும். விலையுள்ள நாட்டில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான். எல்லோரும் கேட்கும் பனிமலை ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோக் பற்றி ஒரு வார்த்தை. அது 3454 மீட்டர். நம் பிள்ளைகள் பார்த்த உயரம் ஊட்டி தொட்டபெட்டா, 2637 மீட்டர். யுங்ஃப்ராவ்யோக்குக்கு ரயில் சில மணி நேரத்தில் ஏற்றிவிடும், காற்று மெலிந்திருக்கும், சில பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி வரும். பையனுக்கு மூச்சிழுப்பு இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் சீட்டு எடுக்காதீர்கள், இதில் என் அனுபவம் மருத்துவம் ஆகாது. டிராவல் பாஸிலும் அது முழுக்க அடங்காது, மேலும் பணம் கட்ட வேண்டும். மேகம் மூடினால் அவ்வளவு பணமும் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான். ஐந்து இரவு இருப்பதால் வானம் தெளிந்த காலையைப் பார்த்து அன்றைக்கு முடிவு செய்யலாம். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியை ஊருக்குள் நின்றே பார்க்கலாம். மேயில் சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும், முன்கூட்டியே தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மிலான் வழியாக ரோம், ஏறக்குறைய ஒரு பகல். வெனிஸ் மனசை விட்டுப் போகவில்லையென்றால் சுவிஸில் ஓர் இரவும் ரோமில் ஓர் இரவும் குறைத்து அங்கே இரண்டு இரவு தங்கலாம். என் நான்கு இரவுக் கணக்கு உடையும், ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்த ஊர் ஒரு முழுப் பகலில் போதும் என்பதால் ஒத்துக்கொள்வேன்.

ரோமைப் பிடிவாதமாக நான் வைத்திருப்பதற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் வழியில் அரியாங்குப்பம், அங்கே ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியர்களின் ஆம்போரா ஜாடித் துண்டுகளும், இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புப் பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அரிக்கமேட்டுப் பொருட்களில் சில புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பயணத்துக்கு முன் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே கூட்டி வாருங்கள், அந்த உடைந்த ஓடுகளைக் காட்டுங்கள். ரோமில் டெஸ்டாச்சோ என்ற பகுதியில் ஒரு குன்று இருக்கிறது. மண் குன்று இல்லை, முழுக்க உடைந்த ஆம்போரா ஓடுகளால் ஆனது, கப்பலில் எண்ணெய் வந்த ஜாடிகளை அந்தக் காலத்தில் அங்கே உடைத்துக் குவித்தார்கள். மேலே ஏற ஏற்பாடு வேண்டும், வெளியே தெருவிலிருந்து பார்க்கக் காசு வேண்டாம். நான் அனுப்பிய ஒரு குடும்பத்தின் 12 வயதுப் பெண் கொலோசியத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு, இந்தக் குன்றைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். கொலோசியத்துக்கும் 18 வயதுக்குள் நுழைவு இலவசம், ஆனால் பதிவு வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். அந்த ஊரில் தெருக்குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் ஒன்று ஆளுக்குப் போதும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம், வெளிநாட்டுப் பால், இறைச்சிப் பொருட்களுக்கு ஐரோப்பாவில் தடை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போகும். பிரான்சில் பல உணவகங்கள் மதியம் 2 மணிக்கு மேல் இரவு 7 வரை சமைக்காது, நம் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் பசிக்கும், பையில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும். பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனை ஒட்டிய லா ஷப்பெல் பக்கம் போனால் இட்லி கிடைக்கும், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான். ஐந்தாவது நாள் பையன் முகம் வாடினால் அங்கே கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. சிறுவர் பாஸ்போர்ட் நம் நாட்டில் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். அறைகளும் ரயில்களும் எப்போது வேண்டுமானாலும் தேடலாம். பையனின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்பதை இன்றிரவு பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, மீதியை அதிலிருந்து தொடங்குவோம்.